எச்சில் கொடுத்துக் குலசாமி கண்ட கதை

ஊருக்கு ஒரு புத்திசாலி போதும் என்பார்கள். உச்சிப்பொட்டலில் இருந்த அந்த ஒருவரும் பிள்ளைகளின் படிப்புக்காக டவுனுக்குக் குடிபோய்விட்டார். சாமான் ஏற்றின லாரிக்குப் பின்னாலேயே ஊர் திரண்டு போய், "போறதுதான் போறீக, அந்தப் புத்தியை மட்டும் இங்கனயே வச்சுட்டுப் போங்க, பத்திரமாப் பாத்துக்கிடுறோம்" என்று கேட்டுப் பார்த்தது. அவர் கொடுக்கவில்லை. அதிலிருந்து ஊரில் எது நடந்தாலும் அய்யனார் வீட்டு முற்றத்தில்தான் முடிவாகும்.

அய்யனார் என்றால் சாமி இல்லை, இந்தக் கதையின் நாயகன் பூமிராசுவின் பெரியப்பா. அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் குடும்பத்துக்குக் குலதெய்வம் எது என்று யாருக்கும் தெரியாது. பாட்டனுக்குப் பாட்டன் எங்கிருந்தோ மாடு பத்திக்கொண்டு வந்து இங்கே தங்கியவர். "எந்தப் பக்கம்யா உங்களுக்கு?" என்று கேட்டால் "அந்தா, அங்கிட்டு" என்று தாடையால் காட்டுவாராம். காலையில் கேட்டால் மேற்கே காட்டுவார், சாயங்காலம் கேட்டால் கிழக்கே காட்டுவார். முகத்தில் வெயில் படுவது அவருக்குப் பிடிக்காது.

சாமி தெரியாமல் பிள்ளைகளுக்கு எப்படிச் சாமி பெயர் வைப்பது? பூமிராசுவின் தாத்தா ஆளுக்கொரு சாமி பெயராக வைத்துவிட்டார். எறிந்த கல்லில் ஒன்றாவது மாங்காயில் படாதா என்று ஒரு கணக்கு. மூத்தவர் அய்யனார், அடுத்தவர் கருப்பசாமி, அதற்கடுத்தவர் முனியாண்டி, கடைக்குட்டி சுடலைமுத்து. இதில் கருப்பசாமிதான் பூமிராசுவின் அப்பா. அவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். சாமி சாகாது, அதனால் கருப்பசாமி நம் குலசாமியாக இருக்க முடியாது என்று மற்ற மூவரும் பதினாறாம் நாளே முடிவுகட்டி, தேடுகிற வேலையில் ஒன்று குறைந்தது என்று சந்தோசப்பட்டார்கள்.

சாமிதான் தெரியாதே தவிர, நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. 'நீ யாருன்னு எங்களுக்குக் காட்டு, காட்டுற அன்னைக்கே உனக்கு வெட்டுறோம்' என்று சந்தையில் ஒரு வெள்ளாட்டுக் குட்டியை வாங்கி நேர்ந்துவிட்டிருந்தார் முனியாண்டி. நேர்ந்துவிட்டதை ஆடு, கிடா என்று கூப்பிட்டால் சாமி குத்தம். அதனால் எல்லோரும் மரியாதையாகப் 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள். சாமி தன்னைக் காட்டவில்லை. பெரியவர் அரிவாளைப் பார்க்காமலேயே நிஜமாகப் பெரியவர் ஆகிவிட்டார். தாடி நெஞ்சுவரைக்கும் இறங்கியிருந்தது.

இதெல்லாம் போய் விழுந்தது பூமிராசுவின் தலையில். அவனுக்கு முப்பத்தேழு வயது. மைக்செட் வைத்திருந்தான். சுற்றுப்பட்டியில் நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியவன் அவன்தான். தன்னைவிட இளையவன், அவனைவிட இளையவன், அவனுடைய தம்பி என்று எல்லோருக்கும் கட்டியாகிவிட்டது. ஒவ்வொரு பந்தலிலும் ஒயரைச் சுருட்டும்போது அவனுக்கு நெஞ்சில் என்னவோ செய்யும். ஒயரோடு சேர்த்து அதையும் சுருட்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டுவான்.

வருகிற சம்பந்தம் எல்லாம் ஒரே கேள்வியில் முறிந்தது. கடைசியாக, கண்மாய்க்கு அக்கரையில் கீழக்கரட்டில் தங்கபுஷ்பம் என்று ஒரு பெண். தையல் மிசின் போட்டுத் தைப்பாள். கோயில் கொடைத் திருவிழாவில் குழாய் கட்ட ஏணியில் ஏறியவன் அவளைப் பார்த்து, இறங்குவதற்கு மறந்துபோனான். அவளும் அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய அப்பா சன்னாசிக்குப் பையனைப் பிடித்திருந்தது, மைக்செட்டையும் பிடித்திருந்தது. ஆனால் அவரும் அதையே கேட்டார்.

"உங்க குலசாமி எது?"

"தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார் அய்யனார்.

"தேடுங்க. தெரியாம நான் பொண்ணைக் குடுத்து, நாளைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே சாமின்னு ஆகிப்போச்சுன்னா? அண்ணனுக்குத் தங்கச்சியைக் கட்டி வச்ச பாவி ஆயிருவேன். ஆவணி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல எங்க அக்கரைப்பட்டி மாப்பிள்ளை ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காக."

இப்படி இருக்கும்போதுதான் பூமிராசுவின் செல்லில் ஒரு விளம்பரம் வந்தது. டி.என்.ஏ. சோதனை, உங்கள் தந்தை வழிப் பூர்வீகத்தை அறியுங்கள் என்று போட்டு, கீழே ஒரு நம்பர். அவன் அன்றைக்கே போன் போட்டான். பெரியப்பா, சித்தப்பாமார் மூன்று பேருக்கும் காது மந்தம். அதனால் செல்லை மைக்கில் கட்டி, குழாயில் விட்டான். பெங்களூரில் இருந்து அந்தக் கம்பெனிப் பெண் பேசியதை உச்சிப்பொட்டலே கேட்டது.

"சார், அப்பா வழிப் பரம்பரை தெரியணும்னா ஆண்கள்தான் சாம்பிள் குடுக்கணும். லேடீஸ் குடுக்க முடியாது" என்றாள் அந்தப் பெண்.

"எத்தனை ஆம்பளைம்மா?" என்றார் அய்யனார்.

"ஒருத்தர் போதும் சார்."

முனியாண்டிக்கு முகம் சுருங்கியது. அவர் இந்த வீட்டில் வேலி, கிணறு, முருங்கை மரம் எல்லாவற்றிலும் தன் பங்கைக் கேட்டு வாங்கியவர்.

"ஒருத்தன் மட்டும் எச்சிலைக் குடுத்தா, வர்ற சாமி அவனுக்கு மட்டும் பாத்தியம் ஆயிராதா? நாங்க நாளைக்குப் பொங்கல் வைக்கப் போனா கதவைச் சாத்திட்டான்னா?"

"அப்படியெல்லாம் இல்ல சார். உங்க வீட்ல இருக்கிற ஆண் யாரு வேணா குடுக்கலாம். எல்லாருக்கும் ஒரே ரிசல்ட்தான் வரும்."

"யாரு வேணும்னாலும் குடுக்கலாமாம்" என்று அய்யனார் எல்லோருக்கும் திருப்பிச் சொன்னார். எல்லோரும் அதை மனதில் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெண் பாவம், மேற்கொண்டு சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னாள். சாம்பிள் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. பஞ்சுக் குச்சியின் நுனியைக் கை தொடக் கூடாது. கன்னத்தில் உள்ளே வைத்து நன்றாகத் தேய்க்க வேண்டும். அப்புறம் காய வைத்து அனுப்ப வேண்டும். "ஏதாவது சந்தேகம் இருக்கா சார்?" என்று கேட்டாள். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை.

கொரியரில் டப்பா வந்தது. அதற்குள் இருந்தது ஒரே ஒரு பஞ்சுக் குச்சி. நல்ல நாள் பார்த்து, எமகண்டம் கழித்து, பூமிராசுவோடு சேர்த்து நால்வரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். எதையும் சாப்பிடவில்லை, குடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சுடலைமுத்து ஒரு பெரிய கேள்வியைக் கேட்டார்.

"அண்ணே, ஊறுற எச்சியை முழுங்கலாமா? அதுவும் தண்ணி மாதிரிதான?"

அய்யனார் வெகுநேரம் யோசித்து, முழுங்கக் கூடாது என்றார். அதன் பிறகு நான்கு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தார்கள். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பூமிராசுவின் அம்மா மூக்கம்மா, நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் பொன்னுக்குவீங்கி வந்துவிட்டது என்று நினைத்து மஞ்சள் அரைக்கப் போனாள். நேரம் முடிந்ததும் நால்வரும் ஒன்றாக எழுந்து வேலியோரம் போய்த் துப்பிவிட்டு வந்தார்கள். இப்போது வாயெல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்தது. ஆளுக்கு ஆள் திருப்தியாகப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்தது குச்சியைக் கையால் தொடக் கூடாது. அடுப்படியில் இருந்து இடுக்கியை எடுத்துவரச் சொன்னார் அய்யனார். அதற்கடுத்தது, கன்னத்தில் உள்ளே வைத்துத் தேய்ப்பது. இதில்தான் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. முற்றத்தில் வைத்துத் தேய்த்தால் உள்ளே ஆகுமா என்று முனியாண்டி கேட்டார். ஆகாது. தார்சா? அந்தத் தாழ்வாரத்துக்கு ஒரு பக்கம் சுவர் இல்லை. கடைசியில் நால்வரும் வீட்டுக்குள் போய், கதவைத் தாழ் போட்டு, சன்னலையும் அடைத்துவிட்டு, இடுக்கியால் குச்சியைப் பிடித்து ஆளாளுக்குக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டார்கள். சுடலைமுத்து அன்று சவரம் செய்யாததால் பஞ்சு கொஞ்சம் பிய்ந்துபோனது.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது முனியாண்டி நின்றார்.

"அண்ணே, வீட்ல இன்னொரு ஆம்பளை இருக்காகளே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் வேப்பமரத்தடியில் அசை போட்டுக்கொண்டிருந்தார்.

"அவருக்குப் பங்கு இல்லைன்னு சொல்லிற முடியுமா? யாரு வேணும்னாலும் குடுக்கலாம்னு அந்தப் பிள்ளையே சொல்லிருச்சு. அதுவும் அவரு சாமிக்கு நேந்துவிட்டவரு. சாமியைப் பத்தின விசயத்துல சாமியோட ஆளைக் கேக்கலைன்னா நல்லாவா இருக்கும்?"

பங்காளி முறை என்றால் முறைதான். பெரியவரை வீட்டுக்குள் ஓட்டிவந்து மறுபடியும் கதவைத் தாழ் போட்டார்கள். குச்சியைக் கன்னத்துக்குக் கொண்டுபோவதற்குள் பெரியவர் கழுத்தை நீட்டி அதை வாங்கி, கடைவாயில் ஒதுக்கி மெல்ல ஆரம்பித்துவிட்டார். மற்ற நால்வரையும்விட அவர்தான் மனமொன்றிச் செய்தார் என்பதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பூமிராசு கொம்பைப் பிடிக்க, முனியாண்டி வாலைப் பிடிக்க, அய்யனார் இடுக்கியால் குச்சியை மீட்டெடுத்தார்.

பிறகு கூழ்வடகம் காய்கிற வேட்டியில் ஓர் ஓரமாக அதைக் காய வைத்தார்கள்.

"ஏண்டா, ஆடு சவைச்சதையா அம்புட்டுத் தூரம் அனுப்பப் போறீக?" என்றாள் மூக்கம்மா.

"இதுல பொம்பளைக எதுவும் குடுக்கக் கூடாதுன்னு கம்பெனியிலேயே சொல்லிட்டாக மதினி. யோசனையும் அதுல சேத்திதான்" என்றார் சுடலைமுத்து.

குச்சி பெங்களூருக்குப் போனது. காத்திருந்த நாளெல்லாம் பூமிராசுவுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு எந்தச் சாமி என்பது முக்கியமே இல்லை, தங்கபுஷ்பத்தின் சாமியாக மட்டும் இருக்கக் கூடாது. ஆனால் மூத்தவர்களுக்கு வேறு கவலை. பூர்வீகம் என்று ஒன்று வந்தால் அது ராசா வம்சமாகத்தான் இருக்கும் என்று அய்யனாருக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது. கடைக்குப் போகும்போதே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கால் எட்டி வைத்து நடக்க ஆரம்பித்தார். முனியாண்டி எதற்கும் இருக்கட்டும் என்று மீசையை வளர்த்தார். முடிவு வருகிற அன்று சன்னாசிக்கும் கேட்க வேண்டும் என்று குழாயைக் கண்மாய்ப் பக்கமாகத் திருப்பிக் கட்டச் சொன்னார் அய்யனார். பூமிராசு இரண்டு குழாயாகக் கட்டினான்.

அந்தப் பெண் கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் தயங்கியது.

"சார், உங்க சாம்பிள் பத்திப் பேசணும். அதுல மனுஷங்க டி.என்.ஏ. போதுமான அளவு இல்ல. அதுல இருக்கிறது... ஆட்டோட டி.என்.ஏ. சார்."

குழாய் அதை இரண்டு ஊருக்கும் சொன்னது. கண்மாய்க்கரையில் நின்ற கொக்குகள்கூட எழுந்து பறந்தன. அய்யனார் பின்னால் கட்டியிருந்த கையை மெதுவாக அவிழ்த்தார். மைக் பக்கம் குனிந்தார்.

"ஆம்பளை ஆடா, பொம்பளை ஆடாம்மா?"

"சார்?"

"இல்ல, கேக்க வேண்டியதைக் கேக்கணுமில்ல."

அந்தப் பெண் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தாள். "ஆண் ஆடு சார்."

"அப்பச் சரி. நாம தகப்பன் வழியைத்தான கேட்டோம்" என்று நிமிர்ந்தார் அய்யனார்.

"சார், சார், ஏதோ தப்பு நடந்திருக்கு. நாங்க வேற கிட் ஃப்ரீயா அனுப்புறோம். இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிக்கலாம்."

"வேண்டாம்மா. மறுபடியும் கேக்கப்போயி வேற தகப்பன் வந்துட்டா குடும்பத்துக்கு அசிங்கம்" என்று சொல்லி அய்யனார் போனை வைத்தார்.

முற்றத்தில் பெரிய விவாதம் நடந்தது. மூலபுருசன் ஆடு என்பதில் மாற்றுக் கருத்து இல்லை, பெங்களூரே சொல்லிவிட்டது. எந்த ஆடு என்பதுதான் கேள்வி. வீட்டில் இருக்கிற ஆண் ஆடு ஒன்றே ஒன்றுதான். எல்லோருடைய பார்வையும் வேப்பமரத்தடிக்குப் போனது.

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம்" என்று தலையில் அடித்துக்கொண்டார் முனியாண்டி.

சுடலைமுத்துவுக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். "அண்ணே, பெரியவரு சந்தையில வாங்கி ஒம்போது வருசம்தான் ஆகுது. உங்களுக்கு அறுபத்தஞ்சு. அவரு எப்படி நமக்கு முப்பாட்டன் ஆவாரு?"

"தாடியைப் பாரு" என்றார் அய்யனார்.

சுடலைமுத்து பார்த்தார். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. ராசா என்று வரவில்லையே என்று அய்யனாருக்கு லேசாக வருத்தம் இருந்தது உண்மைதான். ஆனால், 'மத்தவன் ராசாவெல்லாம் செத்து மண்ணாப் போயிட்டான், நம்மாளு இன்னும் தழை திங்கிறாரு' என்று யாரோ சொன்னதும் அதுவும் சரியாகிவிட்டது. இனி அவரை வெட்டுவது எப்படி? சாமியைச் சாமிக்கே வெட்டினால் படையலை யார் சாப்பிடுவது? அதனால் அரிவாள் பேச்சை விட்டுவிட்டு, பெரியவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். அவர் அதை ஒரு முனையில் இருந்து தின்றார்.

இதற்குள் கண்மாய்க்கரை வழியாகச் சன்னாசி வேகுவேகென்று வந்துகொண்டிருந்தார், பின்னால் தங்கபுஷ்பம். எல்லாம் முடிந்தது, ஆட்டு வம்சத்துக்கு எவன் பெண் கொடுப்பான் என்று பூமிராசு ஆம்ப்ளிஃபயரின் பின்னால் போய் நின்றுகொண்டான்.

வந்தவர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே வேப்பமரத்தடிக்குப் போய், பெரியவரின் இடது காதைத் தூக்கிப் பார்த்தார். காது நுனியில் ஒரு பழைய வெட்டு இருந்தது. சன்னாசியின் கண் கலங்கிவிட்டது.

"இது நான் போட்ட அடையாளம். இவன் எங்க வெள்ளச்சி மகன். வெள்ளச்சியை நான் ஆடாவா வளத்தேன்? எனக்குக் கூடப் பொறந்தவ கிடையாது, அவளைத்தான் தங்கச்சின்னு வளத்தேன். குட்டி போட்டப்ப அகத்திக்கீரையும் பயத்தங்காயும் சீர் கொண்டுபோய் வச்சேன். கஷ்டகாலம், குட்டியைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதாப் போச்சு."

தங்கபுஷ்பம் பெரியவரின் நெற்றியைத் தடவினாள். அவளுக்கும் ஞாபகம் இருந்தது. பாட்டிலில் பால் புகட்டியவள் அவள்தான்.

சன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார்.

"அப்ப உங்க மூலபுருசன் எங்க வீட்ல பொறந்தவரு. ஒரே வீடுன்னா பங்காளி. பங்காளின்னா, இந்தப் பிள்ளைக ரெண்டும் அண்ணன் தங்கச்சி. நல்லவேளை, முன்னாடியே தெரிஞ்சது."

அண்ணன் தம்பி மூவரும் தலையை ஆட்டினார்கள். நியாயம் நியாயம்தான் என்றார் அய்யனார். பூமிராசு வாழ்க்கையில் அதுவரைக்கும் பெரியவர்கள் பேச்சில் குறுக்கே பேசியதில்லை. ஆனால் தங்கபுஷ்பம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இருந்து வெளியே வந்தான். பழக்க தோசத்தில் மைக்கை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டான்.

"மாமா, வெள்ளச்சி பொம்பளை தான?"

இரண்டு ஊரும் அதைக் கேட்டது. சன்னாசி, "ஆமா, அதுக்கென்ன?" என்றார்.

"உங்களுக்குத் தங்கச்சி. அப்ப நீங்க பெரியவருக்குத் தாய்மாமன். தாய்மாமன் மகள்னா தங்கச்சி எப்படி ஆகும்? கட்டிக்கிற முறைதான ஆகும்?"

அய்யனார் விரலை மடக்கி முறை போட்டுப் பார்த்தார். சன்னாசி தன் விரலை மடக்கிப் பார்த்தார். சுடலைமுத்து அண்ணன் விரலையே மடக்கிப் பார்த்தார். எல்லா விரலும் ஒரே இடத்துக்குத்தான் வந்தது. சன்னாசி எழுந்து வந்து பூமிராசுவைக் கட்டிக்கொண்டார். "மாப்பிள்ளை" என்றார். அந்த வார்த்தையை அவன் எத்தனையோ பந்தலில் அடுத்தவன் பெயரோடு சேர்த்துத்தான் கேட்டிருக்கிறான். மூக்கு உறிஞ்சுகிற சத்தம் குழாயில் பெரிதாகக் கேட்டது.

அப்போதுதான் முனியாண்டி தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரி. ஆனா பெரியவருக்கு மாமன் மகள்னா, முதல் உரிமை அவருக்குத்தான. முறை மாப்பிள்ளை கல்லாட்டம் நிக்கையில, அவரைக் கேக்காம இளையவனுக்குக் கட்டுனா ஊரு என்ன சொல்லும்?"

பூமிராசு மைக்கை ஆஃப் செய்தான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். சன்னாசிகூட, "அதுவும் வாஸ்தவம். அவன் மனசு சங்கடப்படக் கூடாது" என்றார். பெரியவரின் சம்மதத்தை எப்படிக் கேட்பது? அதற்கு ஊரில் ஏற்கெனவே வழி இருந்தது. கோயிலில் கிடாய் வெட்டுவதற்கு முன்னால் மஞ்சள் தண்ணீரை மேலே ஊற்றுவார்கள். உடம்பைச் சிலுப்பினால் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம், சிலுப்பும் வரைக்கும் யாரும் கை வைக்க மாட்டார்கள். அதையே முகூர்த்த நேரத்தில் செய்துகொள்ளலாம், சிலுப்பினால் விட்டுக்கொடுத்தார் என்று எடுத்துக்கொண்டு தாலி கட்டலாம் என்று முடிவானது.

பத்திரிகை அடித்தார்கள். முதல் பத்திரிகை குலசாமிக்கு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துப் பெரியவர் முன்னால் நீட்டினார்கள். அவர் வெற்றிலையைத் தின்றார், பிறகு பத்திரிகையையும் தின்றார். சாமி ஏற்றுக்கொண்டது என்று எல்லோருக்கும் மெய்சிலிர்த்தது. சாமி இவ்வளவு பிரியப்பட்டுச் சாப்பிடும்போது ஒன்றோடு நிறுத்துவது அழகா என்று முனியாண்டி கட்டு முழுவதையும் பிரித்து வைத்துவிட்டார். அதனால் சொந்தபந்தம் யாருக்கும் பத்திரிகை போகவில்லை. ஆனாலும் அத்தனை பேரும் வந்தார்கள். ஆடு விட்டுக்கொடுக்குமா கொடுக்காதா என்று பார்க்க வராதவன் மனிதனா?

வேப்பமரத்தடியில் பந்தல். தங்கபுஷ்பம் மணையில் உட்கார்ந்திருந்தாள். பூமிராசு பட்டு வேட்டியோடு ஒரு கையால் பெரியவரின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரில் வேப்பிலையைப் போட்டுப் பெரியவர் முதுகில் ஊற்றினார் அய்யனார்.

பெரியவர் அசையவில்லை. அது நல்ல வெயில் நேரம். அவர் கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்பதுபோல நின்றார்.

இரண்டாவது குடம் ஊற்றினார்கள். மூன்றாவது குடத்தைச் சன்னாசியே தூக்கி, "மருமகனே, மாமன் கேக்குறேன்டா, விட்டுக்குடு" என்று கெஞ்சிக்கொண்டே ஊற்றினார். பெரியவருக்குச் சொக்கியது. முகூர்த்தம் முடியப்போகிறது என்று பூசாரி அவசரப்படுத்தினார். பூமிராசுவுக்கு அழுகை முட்டியது. 'இத்தனை பேருக்குக் குழாய் கட்டினேனே, எனக்கு ஒரு ஆடு சிலுப்பக் கூடாதா' என்று மனசுக்குள் புலம்பினான். "தலையில விட்டு ஊத்துங்கப்பா" என்று யாரோ கத்த, முனியாண்டி பெரிய அண்டாவைத் தூக்கி ஆவேசமாக வீசினார். அதில் பாதி பெரியவர் மேல் போனது, மீதி முழுவதும் பூமிராசுவின் தலையில் விழுந்தது. காது, மூக்கு எல்லாம் தண்ணீர். அவனால் பொறுக்க முடியவில்லை. தலையில் தொடங்கி உள்ளங்கால் வரைக்கும் விதிர்விதிர்த்து உடம்பைச் சிலுப்பினான்.

"சிலுப்பிட்டாரு" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. கொட்டுமேளம் முழங்கியது. குலவை விட்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"யாரு சிலுப்புனது?" என்றார் அய்யனார்.

"மாப்பிள்ளை" என்றார் சுடலைமுத்து.

அய்யனார் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வெகுநேரம் யோசித்தார். அவருடைய முகம் கனத்துப்போனது.

"மஞ்சத் தண்ணி ஊத்தி, யாரு சிலுப்புறாகளோ அவுகளைத்தான் சாமி கேக்குதுன்னு அர்த்தம். நேத்திக்கடன் இன்னும் பாக்கி நிக்கிது. நாம பெரியவரை வெட்டுறதுன்னு நெனைச்சிருந்தோம். சாமி இவனைக் கேக்குது."

"என்ன செய்ய, உத்தரவு வந்துருச்சு" என்று முனியாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அரிவாளைத் தேடிப் போனார். அவருக்கு அதில் சந்தோசமும் இல்லை, வருத்தமும் இல்லை. முறை என்றால் முறை. சன்னாசி, "நல்ல பிள்ளையா இருந்தாரு" என்று இப்போதே இறந்தகாலத்தில் பேச ஆரம்பித்தார்.

மணையில் இருந்து தங்கபுஷ்பம் எழுந்தாள்.

"வெட்டுறதுன்னா தாலியைக் கட்டச் சொல்லிட்டு வெட்டுங்க. நான் எம்புட்டு வருசம்தான் காத்துக்கிட்டு இருக்கிறது?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பூமிராசு தண்ணீர் சொட்டச் சொட்ட மூன்று முடிச்சுப் போட்டான். மூன்றாவது முடிச்சு விழுந்தபோது முனியாண்டி அரிவாளோடு வந்து சேர்ந்து, இப்ப வெட்டலாமா என்று கேட்டார்.

"இப்ப எப்படி வெட்டுறது மாமா?" என்றாள் தங்கபுஷ்பம். "ஆளைப் பாருங்க, எலும்பும் தோலுமா இருக்காக. சாமிக்கு இப்படியா குடுப்பீக? பெரியவரை எம்புட்டு வருசம் வளத்தீக?"

எல்லோரும் பூமிராசுவை மேலும் கீழும் பார்த்தார்கள். விலாவைத் தொட்டும் பார்த்தார்கள். மருமகள் சொன்னது உண்மை. அதனால் கொஞ்சம் உடம்பு தேறட்டும் என்று அவனை முறைப்படி நேர்ந்துவிட்டார்கள்.

நேர்ந்துவிட்டதை யாரும் விரட்டக் கூடாது, எந்த வீட்டு வாசலில் நின்றாலும் வயிறு நிறையப் போட வேண்டும். இன்றைக்கும் உச்சிப்பொட்டலில் பூமிராசு எந்த வீட்டிலும் சாப்பிடலாம். ஒருவரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'சின்னவர்' என்றுதான் சொல்கிறார்கள். தொப்பை விழுந்துவிட்டது, இரண்டு பிள்ளைகள். வருசா வருசம் மாசிப் படையலுக்குப் பெரியவரையும் சின்னவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றி உத்தரவு கேட்கிறார்கள். முனியாண்டி அரிவாளோடு தயாராக நிற்பார். தங்கபுஷ்பம் முந்தின நாளே புருசனுக்குக் கிணற்றடியில் வைத்துப் பயிற்சி கொடுத்துவிடுவாள். பூமிராசு கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, எத்தனை குடம் ஊற்றினாலும் அசையாமல் நிற்பான். அதைப் பெரியவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான்.

போன மாசியில் கொஞ்சம் பனி அதிகம். இரண்டாவது குடத்துக்கே பெரியவர் கொம்பில் இருந்து வால் வரைக்கும் சடசடவென்று சிலுப்பிவிட்டார். முனியாண்டி அரிவாளைக் கை மாற்றிப் பிடித்தார். எல்லோரும் அய்யனாரைப் பார்த்தார்கள். அய்யனார் தாடையைத் தடவி நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்.

"வயசானவருக்குக் குளிருதுடா. போயி ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க."